ஊரடங்கை எப்போது தளர்த்துவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெருந்தொற்றுக் கால ஊரடங்குகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். ஒரு மாவட்டத்தில் மூன்று வாரமாக யாருக்கும் தொற்று இல்லை என்றால் அங்கே எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டியதுதானே? பக்கத்து மாவட்டத்து நோய்க்காக இங்குள்ள தினக்கூலிக்காரர் ஏன் வேலை இழக்க வேண்டும்? அப்புறம், 14 நாள், 5 சதவீதம், லட்சத்துக்கு 50 என்றெல்லாம் எண்கள் சொன்னார்கள். அவை எங்கிருந்து வந்தன? வாய்க்கு வந்ததைச் சொன்னார்களா?

கே.

அன்புள்ள கே.,

எண்களிலிருந்தே தொடங்குகிறேன். 14 நாளுக்கு உடம்பில் காரணம் இருக்கிறது. கொரோனா உள்ளே போய் அறிகுறி தென்பட சராசரியாக 5, 6 நாள், அதிகம் போனால் சுமார் 14 நாள் என்று 2020-இல் கணித்தார்கள். மற்ற எண்கள் நிர்வாகம் வகுத்தவை. ஜெர்மனி 2020 மே மாதத்தில் ஒரு வரம்பு வைத்தது: லட்சம் பேருக்கு ஏழு நாளில் 50 புதிய தொற்றுகளைத் தாண்டும் மாவட்டம் மறுபடி கட்டுப்பாட்டுக்குள் போக வேண்டும். ஏன் 50? அதற்கு மேல் போனால் ஒவ்வொரு நோயாளியும் யார் யாரைச் சந்தித்தார் என்று தேடிப்பிடிக்க உள்ளூர் சுகாதார அலுவலகங்களில் ஆள் போதாது என்பது கணக்கு. ஆள் பலம் கூடுதலாக உள்ள ஊரில் அது வேறு எண்ணாக இருந்திருக்கலாம். வாய்க்கு வந்தது என்று இதைச் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் பூஜ்யத்துக்கு வருகிறேன். எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்று தெரியாமல் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. பரிசோதிக்கப்படுபவர்களில் தொற்றுள்ளோர் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதனால்தான். சோதித்த நூறு பேரில் இருபது பேருக்குத் தொற்று என்றால், பார்த்ததுமே நோயாளி என்று தெரிபவர்களை மட்டும் சோதிக்கிறார்கள் என்று பொருள். வெளியே இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் இறுதியில் 733 மாவட்டங்களை மூன்றாகப் பிரித்தார்கள். சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319. பச்சை என்றால் இதுவரை ஒருவருக்கும் தொற்று இல்லை, அல்லது கடந்த 21 நாளில் புதிதாக இல்லை. அடுத்த சில வாரங்களில் புலம்பெயர் தொழிலாளர்கள் நகரங்களிலிருந்து ஊர் திரும்பினார்கள். அதுவரை நோயே இல்லாத பல மாவட்டங்களில் தொற்று தெரியவந்தது. இதில் தொழிலாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலையும் கூலியும் இல்லாத இடத்தில் அவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? ஆட்கள் போய்வரும் வழிகளைக் கணக்கில் எடுக்காமல் எல்லைக்கோட்டை மட்டும் வைத்து நிறம் பூசினால் அந்த நிறம் நீடிக்காது.

ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது தாமதம்தான். இன்று வெளியாகும் தொற்று எண்ணிக்கை ஒன்றிரண்டு வாரத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறது. மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்புவது அதற்கும் பிறகு. மரணங்கள் இன்னும் பிறகு. ஒரே திங்கட்கிழமையில் கடை, பள்ளி, பேருந்து எல்லாவற்றையும் திறந்துவிட்டு மூன்று வாரம் கழித்து எண்ணிக்கை ஏறினால், எதை மூடுவீர்கள்? எதனால் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் திறந்து, நடுவில் இரண்டு வாரமாவது பொறுத்துப் பார் என்று நிபுணர்கள் மன்றாடியதற்குக் காரணம் இது. பல அரசுகளுக்குப் பொறுமை இல்லை. டெக்சாஸ் 2020 மே 1-இல் தளர்த்தத் தொடங்கி ஜூன் 3-க்குள் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது. ஜூன் 26 அன்று மதுக்கூடங்களை மறுபடி மூடச் சொன்னது.

தொற்று எவ்வளவு குறைந்த பிறகு திறக்கிறோம் என்பதும் முக்கியம். திறந்தபின் ஒருவர் சராசரியாக 1.2 பேருக்குப் பரப்புகிறார், ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் என்று வையுங்கள். சுமார் மூன்று வாரத்தில் எண்ணிக்கை இரட்டிக்கும். நாளுக்கு 10 பேர் என்ற நிலையில் திறந்த ஊரில் அது 20 ஆகும். தேடிப்பிடித்துவிடலாம். 1,000 பேரோடு திறந்த ஊரில் 2,000. பரவும் வேகம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

தினக்கூலிக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் கனமான வரி அது. பட்டினியும் ஆளைக் கொல்லும். நிவாரணம் வீடு வந்து சேராத இடத்தில் ஊரடங்கு தாளில் மட்டுமே இருக்கும். பசித்தவர் வெளியே வரத்தான் செய்வார். ஆகவே திறக்கும் தேதியைக் குறிக்கிறவர்கள் மூடியிருக்கும் நாட்களுக்கான பணத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் வரைபடத்தை மட்டும் காட்டுகிற அதிகாரியை நான் நம்பமாட்டேன்.

பக்கத்து ஊருக்காக நான் ஏன் என்ற கேள்வி நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 2020 ஜூனில் ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ மாவட்டத்தில் ஓர் இறைச்சி ஆலையில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று உறுதியானது. மாவட்டம் முழுவதற்கும் கட்டுப்பாடுகள் திரும்பின. நாட்டின் பெரும்பகுதி திறந்தே இருந்தது. ஜூலை 6 அன்று மூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடுகளை நிறுத்திவைத்தது. முதலில் மாவட்டம் முழுவதையும் மூடியதை அது குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குள் போதிய பரிசோதனைகள் நடந்து, எந்தப் பகுதியில் தொற்று இருக்கிறது என்று பிரித்தறிய அவகாசம் கிடைத்திருந்தது, அதன் பிறகும் மொத்த மாவட்டத்தையும் பூட்டிவைக்க முடியாது என்றது.