அக்கா மகளுக்குக் கேமரா: 1,399 வெள்ளியா, 600 வெள்ளியா?

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்கு 33 வயது. தளவாட நிறுவனம் ஒன்றில் டெக்னீசியனாக இருக்கிறேன். மத்திய சேமநிதிப் பிடித்தம் போகக் கையில் 3,100 வெள்ளி வருகிறது. அக்கா மகள் ஏப்ரலில் பாலிடெக்னிக்கில் ஊடகப் படிப்பு தொடங்குகிறாள். அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். நல்ல டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று வாங்கித் தர ஆசை. ஒரு கடையில் கேமரா, இரண்டு லென்ஸ், பை, முக்காலி, மெமரி கார்டு எல்லாம் சேர்த்து 1,399 வெள்ளி என்றார்கள். 12 மாதத் தவணை, வட்டி கிடையாதாம். சேமிப்பில் 4,000 வெள்ளி இருக்கிறது, அதைத் தொட மனசில்லை. கிரெடிட் கார்டில் 2,100 வெள்ளி பாக்கி, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன். வட்டி 27 விழுக்காடு என்று அறிக்கையில் போட்டிருக்கிறது. டிசம்பர் கடைசியில் ஒரு மாத போனஸ் வரும். தவணையில் வாங்கலாமா? எந்தக் கேமரா வாங்குவது? சின்னதாக வாங்கினால் அக்கா தப்பாக நினைக்குமோ என்றும் இருக்கிறது.
— ஈசூன் வாசகர்

பதில்: தம்பி, கேமராவுக்கு முன்னால் அந்த 2,100 வெள்ளியைப் பேசிவிடுவோம். கடிதத்தின் நடுவில் ஒரு வரியாக அதை எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என் கண்ணில் முதலில் பட்டதே அதுதான்.

27 விழுக்காடு வட்டி என்றால் 2,100 வெள்ளிக்கு மாதம் 47 வெள்ளி 25 காசு. குறைந்தபட்சத் தொகை 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 63 வெள்ளி. நீங்கள் 63 வெள்ளி கட்டுகிறீர்கள், கடனில் கழிவது 15 வெள்ளி 75 காசு. இன்னொன்றும் உண்டு. பாக்கியை முழுதாகக் கட்டாதவரை, அந்தக் கார்டில் புதிதாக வாங்குகிற எதற்கும் வட்டியில்லாத நாள்கள் கிடையாது. ஃபேர்பிரைஸில் வாங்கிய அரிசி மூட்டைக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த நிலையில் 'வட்டியில்லாத் தவணை' என்ற சொல் உங்களுக்குப் பொருந்தாது. 1,399ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 116 வெள்ளி 58 காசு. அது மாதாமாதம் உங்கள் கார்டு அறிக்கையில்தான் வந்து உட்காரும். அறிக்கைத் தொகையை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் அது வட்டியில்லாத் தவணை. குறைந்தபட்சம் மட்டும் கட்டுகிறவருக்கு அந்த 116 வெள்ளியும் பழைய பாக்கியோடு சேர்ந்து 27 விழுக்காட்டில் குட்டி போடும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உங்கள் கார்டின் கதை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? சேமிப்பைத் தொட மனசில்லை என்கிறீர்கள். தொடுங்கள். வங்கிக் கணக்கில் 4,000 வெள்ளி சொற்ப வட்டிக்குத் தூங்குகிறது. பக்கத்திலேயே 2,100 வெள்ளிக் கடன் 27 விழுக்காட்டில் ஓடுகிறது. என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சேமிப்பு என்றால் ஏதோ உண்டியல், உடைத்தால் பாவம் என்கிற மாதிரி. இன்றைக்கே 2,100ஐக் கட்டி முடியுங்கள். கையில் 1,900 மிஞ்சும். டிசம்பர் கடைசியில் போனஸாக 3,100 வரும்போது 2,100ஐத் திரும்பச் சேமிப்பில் போட்டுவிடுங்கள், பழையபடி 4,000 ஆகிவிடும். மிச்சம் 1,000. அதில் 400ஐயும் சேமிப்போடு சேருங்கள். மருமகளுக்கு 600.

முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த அறிக்கையில் சில வெள்ளி வட்டி தலைகாட்டலாம். அறிக்கை வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. 'கட்டியாச்சே' என்று விட்டுவிடாதீர்கள். அதைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் அந்தச் சில வெள்ளியைவிடப் பல மடங்கு வரும்.

'இப்போது வாங்கி அப்புறம் கட்டு' செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் கட்டாயம் காட்டுவார்கள். வேண்டாம்.

இனி கேமரா. 600 வெள்ளியில் என்ன கிடைக்கும் என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த 1,399 வெள்ளி செட்டைப் பிரித்துப் பார்ப்போம். பல வருடங்களுக்கு முன் என் மகனுக்கு இதே மாதிரி ஒரு செட் வாங்கினேன். முக்காலி 'இலவசம்'. மூன்றாம் வாரம் அதன் பிளாஸ்டிக் தலை விரிசல் விட்டது, கேமராவை ஏற்றினால் வணக்கம் சொல்வதுபோல் குனியும். பை இன்றைக்கும் இருக்கிறது, என் மனைவி அதில் மருந்துச் சீட்டுகளை வைத்திருக்கிறார்.

உங்கள் செட்டில் இரண்டாவது லென்ஸ் எது என்று கேட்டீர்களா? கேனன் என்றால் இந்த மாதிரிக் கட்டுகளில் பெரும்பாலும் 75-300 என்ற தூரத்து லென்ஸைத்தான் சேர்ப்பார்கள். பார்க்க நீளமாக இருக்கும், பெட்டியும் நிறைந்து தெரியும். ஆனால் அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு கிடையாது. பகலில் செந்தோசா கடற்கரையில் எடுத்தால் சரி. தீபாவளிச் சமயத்தில் சிராங்கூன் சாலை விளக்குகளுக்குக் கீழே அதைத் தூக்கினால் பத்தில் எட்டுப் படம் ஆடிப்போயிருக்கும். தூரத்து லென்ஸ் வேண்டுமென்றால் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் 55-250 ஐஎஸ் என்று இருக்கிறது, அது இன்னொரு பிறந்தநாளுக்கு ஆகட்டும்.

டிஎஸ்எல்ஆர் என்று குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். லென்ஸ் காண்பதை உள்ளே ஒரு கண்ணாடி வைத்து நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கேமரா அது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: நிறுவனங்கள் அந்தப் பாதையை விட்டு விலகிவிட்டன. கேனனும் நிக்கானும் புதிதாக விடுவதெல்லாம் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள். 2018ல் வந்த நிக்கான் டி3500 எத்தனையோ பேருக்கு முதல் கேமராவாக இருந்தது, அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. அதனால் புது டிஎஸ்எல்ஆருக்கு முழு விலை கொடுப்பது என் கணக்கில் நஷ்டம். பெட்டியைப் பிரித்த அன்றே விலை இறங்கும், இரண்டு வருடம் கழித்து விற்கப்போனால் இன்னும் அடிமாட்டு விலை. அதே கேமராவைப் பழையதாக வாங்கினால் அந்த நஷ்டத்தை வேறு யாரோ ஏற்கெனவே பட்டு முடித்திருப்பார். கற்றுக்கொள்வதற்கு அது எந்த வகையிலும் குறைவில்லை. கண்ணாடி வழியாக நேரே பார்த்து எடுக்கலாம், பேட்டரியும் நாள் முழுக்கத் தாங்கும். டி3500க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். சின்ன மிரர்லெஸ் கேமராக்கள் சில நூறு படங்களிலேயே பேட்டரியைக் காலி செய்துவிடும்.

ஊடகப் படிப்பு என்பதால் என் ஓட்டு கேனன் ஈஓஎஸ் 200டிக்கு. 2017ல் வந்தது, பேட்டரியோடு சேர்த்து 453 கிராம். திரை தொடுதிரை, வெளியே திருப்பலாம். வெளி மைக் செருக இடம் இருக்கிறது. வீடியோ எடுக்கும்போது ஆள் நகர்ந்தாலும் ஃபோகஸ் கூடவே போகும். விலை குறைவென்று எல்லோரும் கை காட்டும் கேனன் 1500டி அதற்குப் பின்னால் 2018ல் வந்ததுதான், ஆனால் தொடுதிரையும் இல்லை, மைக் செருக வழியும் இல்லை. டி3500லும் மைக்குக்கு இடமில்லை. படம் மட்டும் எடுக்கிற பிள்ளைக்கு அவை போதும். பேட்டி எடுத்து வரச் சொல்லி வீட்டுப்பாடம் தரும் படிப்புக்குப் போதாது.

பழைய 200டியும் அதோடு வரும் 18-55 லென்ஸும் 400 வெள்ளிக்குள் என்று வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். கூடவே இரண்டாவது லென்ஸாக 50 எம்எம் எஃப் 1.8, அதுவும் பழையது, 110 வெள்ளி. இந்த லென்ஸில் ஜூம் கிடையாது. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும். கேமராவோடு வரும் அந்த 18-55 லென்ஸை 55க்குத் திருப்பினால் அதன் வாய் எஃப் 5.6 வரைதான் திறக்கும். இந்த 50 எம்எம் லென்ஸின் வாய் 1.8 வரை திறக்கும், அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுத் தாழ்வாரத்தில் மாலை ஆறரைக்குப் பாட்டி விளக்கேற்றுகிறார் என்று வையுங்கள். ஃபிளாஷ் போட்டால் பாட்டியின் முகம் மாவு பூசியதுபோல் வரும். இந்த லென்ஸில் அகல் வெளிச்சத்திலேயே எடுக்கலாம். ஒரே தொல்லை, 200டியில் இது 80 எம்எம் போல நடந்துகொள்ளும், எல்லாம் நெருங்கித் தெரியும். மூவறை வீட்டு வரவேற்பறையில் இரண்டு பேரைச் சேர்த்து எடுக்க முதுகு கதவில் இடிக்கும் வரை பின்னால் போகவேண்டும். படம் எடுக்கப் பழகுகிறவருக்கு அந்த நடை நல்லதுதான். பிற்காலத்தில் அவள் கேனன் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் ஒரு அடாப்டர் போட்டு இதே லென்ஸை மாட்டலாம், காசு வீணாகாது.

மீதியில் மெமரி கார்டுக்கும் கூடுதல் பேட்டரிக்கும் 45. மெமரி கார்டைக் கடையில் வாங்குங்கள். இணையத்தில் நம்பமுடியாத விலைக்கு வருபவற்றில் போலிகள் உண்டு. அப்புறம் 30 வெள்ளிக்குக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். இதை அற்பம் என்று விட்டுவிடாதீர்கள், நம் ஊர் ஈரத்துக்கு இதுதான் காப்பீடு. என் பழைய லென்ஸ் ஒன்றை இரண்டு வருடம் துணி அலமாரியில் வேட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். எடுத்துக் கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் ஒட்டடை மாதிரி வெள்ளை நூல் கிளை விட்டிருந்தது. பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட கூலி அந்த லென்ஸின் விலையைத் தாண்டியது. டப்பாவுக்குள் ஈரப்பதம் 40, 50 விழுக்காட்டில் நின்றால் போதும், அதைக் காட்டும் சின்ன மானி ஒன்றையும் உள்ளே போட்டுவிடுங்கள்.

ஆக மொத்தம் 585. மிச்சம் 15 வெள்ளிக்கு இரண்டு பேரும் தேக்காவில் பிரியாணி சாப்பிடுங்கள்.

எங்கே வாங்குவது? சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் இரண்டிலும் பழைய கேமரா விற்கும் கடைகள் இருக்கின்றன. கேருசல் என்ற இணையச் சந்தையில் தனி ஆளிடம் வாங்கினால் இன்னும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். நான் கடை பக்கம். காரணம், கோளாறான பொருளை விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அது, பழைய பொருள்களுக்கும் பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும், இல்லையென்று காட்டவேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ஆனால் அது வியாபாரம் செய்கிறவரிடம் வாங்கினால்தான். தன் பழைய கேமராவை விற்கும் தனி ஆளுக்குப் பொருந்தாது. கேருசல்தான் என்று முடிவெடுத்தால் நேரில் பார்த்துச் சோதித்தபின் காசு கொடுங்கள், முன்பணமாகப் பேநவ்வில் ஒரு காசும் அனுப்பாதீர்கள். புதிதாக எதையாவது வாங்கினால் அது லோக்கல் செட்டா எக்ஸ்போர்ட் செட்டா என்று கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட் விலை குறைவு, ஆனால் இங்குள்ள நிறுவன உத்தரவாதம் அதற்குக் கிடைக்காது. "பில் வேண்டாமென்றால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி வரியைக் கழித்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

கடையில் ஐந்து நிமிடம் சோதிக்கவேண்டும். லென்ஸைக் கழற்றி, நான் சொன்னபடி கைபேசி வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். அப்புறம் லென்ஸின் வாயை எஃப் 22க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கினால், படத்தைப் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசு கரும்புள்ளியாகத் தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் துடைத்துத் தரச் சொல்லலாம், அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் வேறு கேமரா கேளுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மருமகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியைத் திறந்து அவள் வாய் பிளக்கவேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் கேமரா செருப்பு மாதிரி, போட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். அவள் கைக்கு அந்தப் பிடி பொருந்துகிறதா, விரல் பொத்தானுக்கு எட்டுகிறதா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போவதற்கு முன் ஒரு வேலை: கல்லூரியில் மாணவர்களுக்குக் கேமரா இரவல் தருகிறார்களா, எந்த நிறுவனத்துடையது என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே எல்லாம் நிக்கானாகவோ சோனியாகவோ இருந்தால் நான் மேலே சொன்ன 200டியை மறந்துவிட்டு அதே நிறுவனத்தில் மைக் செருகக்கூடியதாகப் பாருங்கள், லென்ஸையாவது மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வாள்.

அக்கா என்ன நினைப்பார் என்றீர்கள். தாய்மாமன் சீர்த் தட்டில் யாரும் விலைச்சீட்டு ஒட்டுவதில்லை, நீங்களும் ஒட்டவேண்டாம். பழையது என்பதை மட்டும் மறைக்காதீர்கள், பிறகு தெரிந்தால்தான் வருத்தம். இதே கேமராவைக் கார்டில் வாங்கிவிட்டு அடுத்த ஜூலையில் அக்காவிடமே 500 வெள்ளி கைமாற்றுக் கேட்டு நின்றீர்கள் என்றால், அப்போது கட்டாயம் நினைப்பார்.

தைப்பூசத்துக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். பழைய கேமராவுக்குக் கடை தனியாகத் தரும் உத்தரவாதம் மூன்று மாதமாவது வேண்டும் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளோடு நடந்து ஐநூறு, அறுநூறு படம் எடுக்கட்டும். வெயில், கூட்டம், தூசு, ராத்திரி வெளிச்சம் எல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிடும். கேமராவில் ஏதாவது கோளாறு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், பில்லும் கையில் இருக்கும்.