ஹைட்ரஜன் விபத்துகள் உண்மையில் எப்படி நடக்கின்றன? ஆய்வகத்திலும் ஆலையிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

விபத்து என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது தீப்பொறி எங்கிருந்து வந்தது என்பதைத்தான். ஹைட்ரஜன் விஷயத்தில் அந்தத் தேடலுக்குப் பல நேரம் விடை கிடைக்காது. கிடைத்தாலும் அடுத்த விபத்தை அது தடுக்காது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் எரியும். பற்றிக்கொள்ள சுமார் 0.02 மில்லிஜூல் ஆற்றல் போதும். கதவுப்பிடியைத் தொடும்போது விரலில் சுரீரென்று உணர்கிறோமே, அந்த நிலைமின்சாரம் இதைவிடப் பல மடங்கு பெரியது. நமக்குத் தெரியாமலே உண்டாகும் பொறிகூட இதற்குப் போதும். ஆகவே நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றுசேர எப்படி வழி கிடைத்தது?

நார்வேயில் ஓஸ்லோவுக்கு அருகே சாண்ட்விகாவில் 2019 ஜூன் 10 அன்று ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டியின் முனையை மூடும் பிளக்கில் உள்வரிசை போல்ட்டுகள் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கப்படவில்லை. முதலில் உள் சீல் வழியாகச் சிறு கசிவு. அந்தக் கசிவே சீலை அரித்துப் பெரிதானது. கசிவை வெளியேற்றவென்று வைத்திருந்த சிறு துளையால் சமாளிக்க முடியாமல் போக, உள்ளே அழுத்தம் ஏறி பிளக்கையே தூக்கிவிட்டது. வெளி சீலும் போனது. அந்த வழியாகச் சென்ற காரில் அதிர்வலையால் ஏர்பேக் விரிந்து இருவர் காயமடைந்தனர். அதன்பின் தயாரிப்பு நிறுவனம் கொண்டுவந்த மாற்றம், ஒவ்வொரு போல்ட்டின் டார்க்கையும் இரண்டாவது ஆள் பார்த்துச் சரிபார்த்து, குறியிட்டு, பதிவு செய்வது. எளிய வேலைதான். ஆனால் ஸ்பானரைப் பிடித்தவரே “இறுக்கியாச்சு” என்று சொல்லிவிட்டுப் போகும் இடங்களில் இது நடப்பதில்லை.

அதே ஆண்டு மே 23 அன்று தென்கொரியாவின் காங்னுங் நகரில் நடந்தது இன்னும் கவலை தருவது, ஏனென்றால் அங்கே எதுவும் வெளியே கசியவில்லை. சூரிய மின்சாரத்தில் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் சோதனை நிலையம் அது. சேமிப்புத் தொட்டி வெடித்து இருவர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். தொட்டிக்குள் ஆக்சிஜன் 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசரில், ஹைட்ரஜன், ஆக்சிஜன் பக்கங்களுக்கு நடுவே உள்ள சவ்வைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். முழு மின்சாரத்தில் ஓடும்போது ஹைட்ரஜன் நிறைய வருவதால் அந்தக் கலப்பு அற்பம். மேகம் மறைத்து மின்சாரம் குறைந்தால் ஹைட்ரஜன் உற்பத்தி விழுந்துவிடும், சவ்வைத் தாண்டும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையாது. சதவீதம் ஏறிவிடும். தூய ஆக்சிஜனோடு சேரும்போது ஹைட்ரஜன் சுமார் 94 சதவீதமாக இருந்தாலும், அதாவது ஆக்சிஜன் சுமார் 6 சதவீதமே இருந்தாலும், கலவை எரியும் என்பதை வைத்துப் பார்த்தால் 6 என்ற எண்ணின் பொருள் விளங்கும். நம் ஊரிலும் பசுமை ஹைட்ரஜன் திட்டங்கள் வருகின்றன. எலக்ட்ரோலைசருக்கும் தொட்டிக்கும் இடையே ஆக்சிஜன் அளவைக் காட்டும் அனலைசர், மீறினால் தானாக நிறுத்தும் இன்டர்லாக், பல்லேடியம் வினையூக்கியுள்ள ஆக்சிஜன் நீக்கி, குறைந்தபட்ச சுமைக்குக் கீழே ஓடாத அமைப்பு ஆகிய நான்கையும் செலவு என்று பார்த்துக் கழித்துவிடக் கூடாது.

கலவையை வேண்டுமென்றே தயாரித்த இடமும் உண்டு. ஹவாய் பல்கலைக்கழக ஆய்வகத்தில் 2016 மார்ச் 16 அன்று, நுண்ணுயிர்களுக்கு உணவாக 55 சதவீதம் ஹைட்ரஜன், 38 சதவீதம் ஆக்சிஜன், 7 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்து 49 லிட்டர் தொட்டியில் சுமார் 8 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வைத்திருந்தார்கள். தொட்டி காற்றுக்காகச் செய்தது. எர்த் இணைப்பு இல்லை. அழுத்தத்தைக் காட்டும் டிஜிட்டல் கேஜும் எரியும் வாயுவுக்கு ஏற்றதல்ல. கேஜை அணைக்கப் பொத்தானை அழுத்தியதும் வெடித்து ஓர் ஆய்வாளர் கையை இழந்தார். முந்தைய நாளே சிறிய கலனில், இதே மாதிரி கேஜில், உள்ளே சிறு வெடிப்பு நிகழ்ந்திருந்தது. வேலையை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பாதுகாப்பான வழி, இரண்டு வாயுக்களையும் தனித்தனிக் குழாயில் கொண்டுவந்து கலனுக்குள் நுழையும் இடத்தில் மட்டும், எரியும் எல்லைக்குக் கீழே கலப்பது. இரண்டையும் ஒரே தொட்டியில் அழுத்தி வைக்கவே கூடாது.

உலோகமும் ஏமாற்றும். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 2005 ஜூலையில் உடைந்தது ஒரு எல்போ, அதாவது குழாய் வளைவு. பராமரிப்பின்போது குரோமியம் கலந்த எஃகு எல்போ இருக்க வேண்டிய சூடான இடத்தில், பார்வைக்கு அச்சு அசலாக இருந்த சாதா கார்பன் ஸ்டீல் எல்போவை மாட்டிவிட்டார்கள். உயர் வெப்பத்தில் ஹைட்ரஜன் எஃகின் கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, உள்ளேயே வெற்றிடங்களை உண்டாக்கும். மாட்டிய சில மாதங்களிலேயே அது வெடித்துத் தீப்பிடித்தது. கழற்றும்போதே எண் குத்துவது, மாட்டுமுன் எக்ஸ்ரே உலோகச் சோதனைக் கருவியால் குரோமியம் இருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டுக்கும் சில நிமிடங்கள்தான் ஆகும்.

இனி ஆய்வகத்துக்கு. 47 லிட்டர் சிவப்பு சிலிண்டர் 150 பாரில் ஏறத்தாழ 7 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும். 5 x 4 x 3 மீட்டர் அறை 60 கன மீட்டர். அதில் 4 சதவீதம் என்பது 2.4 கன மீட்டர். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு கசிந்தாலே அறை முழுக்க எரியும் எல்லை வந்துவிடும். நடைமுறையில் வாயு மேலே ஏறிக் கூரையடியில் சேருவதால் அங்கே அதற்கு முன்பே வந்துவிடும். சிலிண்டரை வெளியே கம்பிவலைக் கூண்டில் வைத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். வழியில் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் ஒன்று போட்டுவிட்டால் குழாயே அறுந்தாலும் வெளிவரும் அளவுக்கு ஒரு வரம்பு இருக்கும். கசிவைக் கண்டறியும் டிடெக்டர் கூரையின் மிக உயரமான மூலையில் இருக்கட்டும், 0.4 சதவீதத்தில் அலாரம், 1 சதவீதத்தில் தானாக அடைப்பு. ஏசி அறையில் மேலே திறப்பு இல்லையென்றால் எக்ஸாஸ்ட் இல்லாமல் ஹைட்ரஜனை உள்ளே விடாதீர்கள்.

சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் இணைப்பு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி இறுக்க வேண்டும். நட்டின் விளிம்பில் வெட்டுக்குறி இருக்கும். மற்ற சிலிண்டர்களுக்குச் செய்வதுபோல ரெகுலேட்டர் மாட்டுமுன் வால்வைச் சற்றே திறந்து தூசி ஊதுவதை ஹைட்ரஜனுக்குச் செய்யக் கூடாது, பீய்ச்சும்போதே தானாகப் பற்றிக்கொள்ளலாம். துணியால் துடையுங்கள், போதும். கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் வேண்டாம். அங்கே அடைப்பது ஃபெரூல் என்ற உள்வளையம்தான். கசிவு சோதனையை முதலில் நைட்ரஜன் அல்லது ஹீலியத்தில், சோப்பு நுரை வைத்துச் செய்யுங்கள். வாயுக் கலவையைப் பகுத்தறியும் கேஸ் குரோமடோகிராஃப் கருவி வைத்திருப்பவர்கள், அதன் ஓவனுக்குள் இருக்கும் பகுப்புக் குழாயை (column) கழற்றும்போது ஹைட்ரஜனை அடைத்து, டிடெக்டர் முனைக்கு மூடி போடுங்கள். மறந்தால் ஓவனுக்குள் வாயு நிறையும், ஹீட்டர் சூடானதும் கதவு பறக்கும்.

குழாயிலும் கலனிலும் காற்று இருக்கும்போது ஹைட்ரஜனை விடவோ, ஹைட்ரஜன் இருக்கும்போது திறக்கவோ கூடாது. நடுவில் நைட்ரஜன் வேண்டும். கேஜ் 5 பார் காட்டும்வரை (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் 6 பார்) நைட்ரஜனை ஏற்றி வெளியே விட்டால் உள்ளிருந்தது ஆறில் ஒரு பங்காகும். காற்றின் 21 சதவீத ஆக்சிஜன் மூன்று சுற்றில் 0.1 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒருமுனை அடைபட்ட குழாய்க்கு இந்த முறைதான் சரி. வெறுமனே ஊதித் தள்ளினால் மூலையில் காற்று தங்கிவிடும். அனல் மின் நிலையங்களில் ஹைட்ரஜனால் குளிரூட்டும் ஜெனரேட்டர்களிலும் இதே விதிதான்: காற்று, பிறகு கார்பன் டை ஆக்சைடு, அதன்பின்தான் ஹைட்ரஜன். வெளியே எடுக்கும்போது தலைகீழ் வரிசை.

தீப்பிடித்துவிட்டால் சுடரைப் பகலில் கண்ணால் பார்க்க முடியாது, புகையும் இராது. ‘உஸ்’ என்று சத்தம் கேட்கும் இடத்தை நோக்கி நடக்காதீர்கள். தெர்மல் கேமரா இல்லையென்றால், காய்ந்த துடைப்பத்தை முன்னே நீட்டிக்கொண்டு போவது ராக்கெட் தளங்களில் பின்பற்றப்பட்ட பழைய முறை. சுடர் இருக்கும் இடத்தில் துடைப்பம் பற்றிக்கொள்ளும். வாயுவை அடைக்காமல் சுடரை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்த பிறகும் கசிந்துகொண்டே இருந்தால் அது கூரையடியில் சேர்ந்து, அடுத்த முறை வெடிப்பாக வரும். வெளியே உள்ள வால்வை மூடுங்கள். மூட முடியாவிட்டால் ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புத் துறையை அழைத்து, தூரத்திலிருந்து பக்கத்துச் சிலிண்டர்கள்மேல் தண்ணீர் அடித்துக் குளிரவைத்தபடி வாயு தீரும்வரை எரியவிடுங்கள்.