23000-இல் தொடங்கும் எண்கள்

வணக்கம் ஐயா,

அப்பா 1980-களில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலின் அச்சுத்தாள் கட்டு ஒன்று பரணில் கிடைத்தது. எங்கு பார்த்தாலும் கோ டூ, அதாவது வேறு வரிக்குத் தாவச் சொல்லும் கட்டளை. தாவ வேண்டிய வரியைக் காட்டும் எண்களான லேபிள்கள் 23000, 23001 என்று போகின்றன. கேட்டால், "நான் அப்படி எழுதலை, ராட்ஃபரில் எழுதினேன்" என்கிறார். கடைசியில் கோ டூவாகத்தான் மாறும் என்றால் ராட்ஃபரில் எழுதி என்ன லாபம்?

க., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள க.,

அப்பா சொல்வது சரி. ராட்ஃபர் என்பது படிக்க எளிதான ஒரு மொழி; அதில் எழுதியதை அதே பெயருள்ள நிரல் ஃபோர்ட்ரானாக மாற்றித் தரும். அந்த 23000-தான் சாட்சி. கையால் எழுதுபவர் 10, 20, 100 என்று லேபிள் வைப்பார். அவற்றோடு மோதாமலிருக்க ராட்ஃபர் அவ்வளவு உயரத்தில் தொடங்கும்.

1970-களின் நடுவில் பெல் லேப்ஸில் பிரையன் கெர்னிகன் உருவாக்கியது அது. அன்றைய ஃபோர்ட்ரான் 66-இல் எல்ஸ் (இல்லையென்றால்) இல்லை, வைல் (நிபந்தனை இருக்கும்வரை சுற்று) இல்லை. இஃப் (நிபந்தனை), கோ டூ, எண்ணிச் சுற்ற ஒரு டூ, அவ்வளவுதான். நம் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் வரிசையாக வராமல் 14, 3, 9 என்று வந்தால் எப்படி இருக்கும்? லேபிள்கள் அப்படிக் கிடக்கலாம், ஃபோர்ட்ரான் கேட்காது.

உங்கள் தாளிலேயே பாருங்கள். அப்பா எழுதிய ஒரு இஃப்-எல்ஸை ராட்ஃபர் தலைகீழாக்கியிருக்கும்: நிபந்தனை பொய் என்றால் 23000-க்குப் போ. அடுத்து உண்மைப் பகுதி, அது முடிந்ததும் 23001-க்குப் போ. 23000-இல் எல்ஸ் பகுதி. இயந்திரத்துக்கு என்றைக்குமே தாவல்தான். இன்றைய சி மொழி நிரலும் உள்ளே அப்படித்தான் ஆகிறது. 1968-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா கோ டூவைத் திட்டியது, நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய மனிதருக்காக. அந்த மனிதர் படிப்பது ராட்ஃபர் தாளை.

தொல்லையும் உண்டு. ராட்ஃபருக்கு ஃபோர்ட்ரான் முழுசாகத் தெரியாது. தன் சொற்களை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே தள்ளிவிடும். தப்பைக் கண்டுபிடிப்பது, ஃபோர்ட்ரானை இயந்திர மொழியாக்கும் கம்பைலர், அது சொல்லும் வரி எண்ணோ மாற்றிய தாளின் எண். மாணவனாக இருந்தபோது எனக்கு "212-ஆம் வரியில் பிழை" என்று வந்தது. நான் எழுதியதே 90 வரி! விட்டுப்போன ஒரு காற்புள்ளிக்கு ஒரு மாலை முழுக்கப் போனது.

அப்புறம் ஃபோர்ட்ரான் 77-இல் எல்ஸ் வந்துவிட்டது, ராட்ஃபரின் தேவையும் குறைந்தது.

பரணில் இன்னொரு தடவை தேடுங்கள். இதைவிட மெலிந்த கட்டு, குறிப்பு வரிகள் சி என்ற எழுத்துக்குப் பதில் # குறியோடு தொடங்கும். அப்பா எழுதியது அதுதான்.