மிளகும் மிளகாயும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஏழு வயது. காலையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது, “அம்மா, மிளகும் மிளகாயும் சொந்தக்காரங்களா?” என்று கேட்டாள். வேன் வரும் நேரம். “பேசாம சாப்பிடு” என்று அதட்டிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. தினமும் இப்படிப் பத்துக் கேள்வி. பாதிக்கு எனக்கே பதில் தெரியாது. புத்தகக் கண்காட்சியில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். தொடவே மாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகளின் கேள்வி இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் தினமும் சொல்கிற சொல்லுக்குள் மிளகு ஒளிந்திருப்பது அவள் காதில்தான் விழுந்திருக்கிறது.

மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கிய பிறகு, போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது. அதுவரை நம் சமையலில் காரத்துக்கு முக்கியமாக மிளகுதான். புதிதாக வந்த காயும் மிளகு போலவே உறைத்ததால் மிளகாய் ஆயிற்று. ஆக, பெயரில் மட்டும்தான் சொந்தம். மிளகு கொடியில் காய்ப்பது. மிளகாய், கத்தரியும் தக்காளியும் சேர்ந்த குடும்பம்.

இதை அப்படியே அவளிடம் ஒப்பித்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டில் கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், பச்சை மிளகாய், நாலு மிளகு வையுங்கள். “மிளகாய்க்குச் சொந்தக்காரங்க யாரு, நீயே கண்டுபிடி” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் நமக்குக் கஷ்டம். காம்படியில் பச்சைத் தொப்பி போட்டிருப்பவர்கள் யார் யார் என்று அவள் கண்ணில் படும். பிறகு குடைமிளகாயையும் பச்சை மிளகாயையும் நீங்களே நறுக்கிக் காட்டுங்கள். இரண்டிலும் விதைகள் ஒரு வெள்ளைச் சதையில் ஒட்டியிருக்கும். பச்சை மிளகாயில் காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, அந்த வெள்ளைச் சதையில்தான். எனக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் என்னை வாசிக்கச் சொல்லுவார். “அந்த ஊருக்கு ஏண்டா அந்தப் பேரு?” என்பார். பதில் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வருவோம். உங்கள் ஊரில் கோபிசெட்டிபாளையம், மேட்டுப்பாளையம் என்று எத்தனை போர்டு! பாளையம் என்றால் படை தங்கிய இடம் என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள், அடுத்த கேள்வி தானாக வரும். தெரியாவிட்டால் “எனக்கும் தெரியலடா, வா பார்ப்போம்” என்று சேர்ந்து அகராதியைப் புரட்டுங்கள்.

புத்தகங்களை அவள் கைக்கு எட்டும் அலமாரியில் வைத்துவிட்டு, படி என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். தூங்கும் முன் நீங்கள் இரண்டு பக்கம் சத்தமாக வாசியுங்கள். நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போய் அவளையே எடுக்க விடுங்கள். பாதியில் வைத்தாலும் பரவாயில்லை. கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுகிட்ட?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

தட்டில் அவள் முதலில் எதைக் கையில் எடுத்தாள் என்று எழுதுங்கள். காத்திருக்கிறேன்.