கோமோவா, கார்டாவா?

கேள்வி: வரும் மே மாதம், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இத்தாலி செல்கிறோம். ரோமையும் வெனிஸையும் பார்த்த பிறகு, கடைசி ஐந்து இரவுகளை ஓர் ஏரிக்கரையில் நிதானமாகக் கழித்துவிட்டு மிலனிலிருந்து விமானம் ஏற எண்ணம். கோமோ ஏரிக்குப் போவதா, கார்டா ஏரிக்குப் போவதா என்பதில் வீட்டில் ஒருமித்த முடிவு வரவில்லை. எட்டும் பன்னிரண்டும் வயதான இரண்டு பிள்ளைகளும், மூட்டுவலி உள்ள என் மாமியாரும் உடன் வருகிறார்கள். அத்தைக்குச் செடிகொடி என்றால் உயிர். அங்கே கார் ஓட்டப் போவதில்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு ஏரிகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிவு வராது. இரண்டுமே கண்ணை நிறைப்பவை. உங்கள் குழுவில் மிக மெதுவாக நடப்பவர் ஒரு நாளில் எத்தனை படி ஏறி இறங்க முடியும் என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்கு உகந்தது கார்டா, அதிலும் அதன் தென்கரையில் உள்ள பெஸ்கியேரா என்பது என் தீர்மானமான கருத்து.

கோமோவைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். தலைகீழாகத் திருப்பிய ஒய் எழுத்தைப் போல மூன்று கிளைகளாகக் கிடக்கும் அந்த ஏரியின் ஆழம் 400 மீட்டருக்கும் மேல். மலைகள் நீர்விளிம்புவரை செங்குத்தாக இறங்குவதால், கரையோர ஊர்களுக்குச் சமதளம் மிகக் குறைவு. கிளைகள் பிரியும் முனையில் இருக்கும் பெல்லாஜியோவில் படகிலிருந்து இறங்கியதும் சாலையோரமாகச் சிறிது தூரம் நடக்கலாம். ஆனால் எல்லோரும் படமெடுக்கும் அந்தப் பழைய தெருக்கள் உண்மையில் கல் பதித்த படிக்கட்டுகள்; கடைகளே படிகளின் இருமருங்கிலும்தான் இருக்கின்றன. நீங்கள் மேலே போய்வரும்வரை அத்தை படகுத்துறையருகே காத்திருக்க நேரும். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, ஐந்து நாளும் அப்படி என்றால் அவருக்கு அது விடுமுறையாக இராது.

கார்டா, சுமார் 370 சதுர கிலோமீட்டர் பரப்புடன், இத்தாலியின் மிகப் பெரிய ஏரி. பனியாறு குடைந்த பள்ளம் என்பதால் அதன் வடபகுதி மலைகளுக்கிடையே ஒடுங்கியும், தென்பகுதி சமவெளியில் அகன்றும் இருக்கிறது. தென்கரை ஊர்களில் மேடு பள்ளமில்லாத நடைபாதைகள் இருப்பதற்கும் அதுவே காரணம். பெஸ்கியேரா, வெனிஸிலிருந்து மிலன் செல்லும் ரயில் பாதையிலேயே இருக்கிறது; ஆகவே பெட்டிகளோடு அலைய வேண்டிய தொல்லை உங்களுக்கு இல்லை. தண்ணீர் சூழ்ந்த ஐங்கோணக் கோட்டைக்குள் அமைந்த பழைய ஊர் அது. வெனிஸ் குடியரசு கட்டிய அந்தக் கோட்டை, 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்ட அரண்களில் ஒன்று. மாலையில் பிள்ளைகள் முன்னே ஓட, அத்தை தம் வேகத்தில் நீரோரம் நடந்துவர ஏற்ற இடம்.

அங்கிருந்து தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், வலேஜோ என்னும் ஊரில், சிகுர்த்தா பூங்கா இருக்கிறது. 60 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தோட்டத்தில் மே மாதம் ரோஜாக்களின் காலம். நடக்க இயலாதவர்களுக்குச் சிறு ரயில் வண்டி ஓடுகிறது, கோல்ஃப் வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். செடிகளை நேசிக்கும் ஒருவர் வலியில்லாமல் ஒரு முழு நாளைக் கழிக்கக்கூடிய இப்படியோர் இடம் பக்கத்தில் இருப்பதே, நான் கார்டாவின் பக்கம் சாய்வதற்கு முதற்காரணம். பிள்ளைகளுக்கு 1975 முதல் இயங்கும் கார்டாலாந்து கேளிக்கைப் பூங்கா அருகிலேயே இருக்கிறது. பக்கத்துப் பழம்பெரும் நகரமான வெரோனாவுக்கு ரயிலில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்.

சிர்மியோனே தீபகற்பத்துக்குப் படகில் போங்கள். வார இறுதியில் அங்கே கூட்டம் நெரியும் என்பதால் வாரநாளே நல்லது. ஆனால் வடகோடியிலுள்ள ரீவாவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். ஏரியின் நீளம் 50 கிலோமீட்டருக்கும் மேல். சாதாரணப் படகில் போவதற்கே அரை நாள் ஓடிவிடும். அதேபோல, மே மாதத்தில் ஏரி நீர் நன்றாகக் குளிர்ந்திருக்கும். நீந்தலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிடாமல், காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஐந்து இரவுகளை இரண்டு ஏரிகளுக்கும் பங்கு போடுவது வேண்டாம், மூட்டை கட்டுவதிலேயே பொழுது போய்விடும். நான்கு இரவு பெஸ்கியேராவிலும், விமானத்துக்கு முந்தைய இரவு மிலனிலும் தங்குங்கள். மிலன் சென்ட்ரல் நிலையத்தருகே அறையெடுத்துப் பெட்டிகளை வைத்துவிட்டால், அன்றே கோமோ ஏரிக்கரை ஊரான வரென்னாவுக்கு ரயிலில் போய்வரலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். வரென்னாவிலிருந்து கால் மணி நேரப் படகுப் பயணத்தில் பெல்லாஜியோ வந்துவிடும். படிக்கட்டுகளைத் தவிர்த்து, கரையோரமாகவே நடந்து வில்லா மெல்சி தோட்டத்துக்கு அத்தையை அழைத்துச் செல்லுங்கள். ஏரியை ஒட்டி நீளும் அந்தத் தோட்டத்துப் பாதை பெரும்பாலும் சமமானது. அசேலியாவும் ரோடோடெண்ட்ரானும் பூக்கும் பருவத்தில் நீங்கள் அங்கே இருப்பீர்கள். திரும்பும்போது வரென்னா படகுத்துறையிலிருந்து நிலையத்துக்குச் சிறிது ஏற வேண்டியிருக்கும் என்பதால், ரயிலுக்கு நேரம் ஒதுக்கியே புறப்படுங்கள்.

உள்ளூர் ரயில்களுக்குக் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையிலுள்ள எந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம் உண்டு. அறை பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், ஏனெனில் பழைய ஊர்களின் கட்டடங்கள் பலவற்றில் அது இராது. வரென்னா போகும் ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள லெக்கோ நகரத்தைத் தாண்டியதும் ஏரி அந்தப் பக்கத்தில்தான் வரும்.