செயற்கை இடுப்பு மூட்டில் பிளாஸ்டிக் எதற்கு?

உலோகம்தானே உறுதி, நடுவில் பிளாஸ்டிக் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதியை விட உராய்வுதான் இங்கே பெரிய தலைவலி.

தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு பெரும்பாலும் டைட்டானியம். அதன் தலையில் கண்ணாடி போல மெருகேற்றிய கோபால்ட்-குரோமியம் அல்லது செராமிக் பந்து. அது சுழலும் கிண்ணத்தின் உட்பக்கம்தான் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்.

இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். வழுக்கியது சரி, ஆனால் சில வருடங்களிலேயே தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்று பரவலாக இருப்பது அதன் மேம்பட்ட வகை.

உலோகமும் உலோகமும் உரசும் மூட்டுகளும் வந்தன. மறு அறுவை சிகிச்சைகள் எதிர்பார்த்ததைவிடக் கூடியதால், 2010-இல் டிப்யூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் என்ற அத்தகைய மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது.