குழாயடிக் கேள்வி பதில்

(நகரக் குடிநீர் அலுவலகம் ஒன்றின் பில் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தண்ணீர் பில், கழிவுநீர்க் கட்டணம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: அம்மா, வீட்டில் நானும் மனைவியும் இரண்டே பேர். இந்தத் தடவை வழக்கத்தைவிட மூன்று மடங்கு பில். அலுவலகத்தில் கேட்டால் "மீட்டர் காட்டியதைத்தான் போட்டோம்" என்கிறார்கள். ஒரு குழாயும் சொட்டவில்லை. கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா?

ப: நிறுத்தாதீர்கள் ஐயா. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் தொகையை விட்டுவிட்டு, பில்லில் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள்: முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங். கவுண்டருக்கு வருகிறவர்கள் தொகை மட்டும் தெரிகிற மாதிரி பில்லை மடித்து நீட்டுவார்கள். சண்டைக்கு வேண்டிய ஆதாரம் அந்த மடிப்புக்குள் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது யூனிட். ஒரு யூனிட் என்பது பெரும்பாலும் ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர். உங்கள் பில்லில் என்ன அளவு என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீட்டர் பெட்டிக்குப் போங்கள். எறும்பும் பல்லியும் குடியிருக்கும், தட்டிவிட்டுத் திறங்கள். கண்ணாடி மங்கியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். கறுப்பு எண்கள் முழு யூனிட், பில் போடுவது அதற்குத்தான். சிவப்பு எண்களும் குட்டி முட்களும் யூனிட்டின் துண்டு துக்கடா. பல மீட்டர்களில் இவற்றுக்கு நடுவே ஒரு சின்ன நட்சத்திரமோ முக்கோணமோ இருக்கும். லேசாகத் தண்ணீர் ஓடினாலும் அது சுற்றும்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வால்வையும் வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்த நட்சத்திரத்தையே பாருங்கள். அப்போதும் சுற்றினால் மீட்டருக்கும் தொட்டிக்கும் நடுவில், பெரும்பாலும் மண்ணுக்கு அடியில், குழாய் ஒழுகுகிறது. சுற்றவில்லை என்றால் குழாய் தப்பித்தது. தொட்டியையும் அதற்கு அப்புறம் இருப்பவற்றையும் பாருங்கள். ராத்திரி படுக்கும்போது தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, வால்வை மூடிவிட்டுத் தூங்குங்கள். காலையில் யாரும் எழுவதற்கு முன் கோட்டைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மட்டம் இறங்கியிருந்தால் என் சந்தேகம் நேராகக் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் மேல்தான். சொட்டுகிற குழாயைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லி லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 21 லிட்டர் சொச்சம். இரண்டு மாதத்துக்கு ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டும், அவ்வளவுதான். ஃப்ளஷ் டேங்கின் அடி வாஷர் தேய்ந்து, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கோப்பையின் உள்சுவரை ஒட்டி இறங்கினால் நாளைக்கு 1,440 லிட்டர். இரண்டு மாதத்தில் 86 யூனிட். கழிப்பறைக் கதவைச் சாத்திவிட்டால் இது உங்கள் காதிலேயே விழாது. துணிக்குப் போடும் நீலத்தை ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வாஷரை மாற்ற வேண்டியதுதான்.

எதிலும் சிக்கவில்லை என்றால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஆனால் "பழைய மீட்டர், அதனால் கூடுதலாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். உள்ளே சக்கரம் சுற்றும் மீட்டர் தேயத் தேயப் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும். சின்ன ஓட்டத்தை அது கண்டுகொள்ளாது. பழைய மீட்டரை மாற்றின கையோடு பில் ஏறிவிட்டது என்று வருகிற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

கட்டாமல் நிறுத்துவது பற்றிக் கேட்டீர்கள். நிறுத்தினால் உங்கள் நியாயத்தோடு தாமதக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். தேதி தெரிய மீட்டரைப் படம் எடுத்து, புகாரை எழுத்தில் கொடுத்து, பதிவு எண் வாங்குங்கள். "வழக்கமான தொகையை இப்போது கட்டுகிறேன், மீதி விசாரணைக்கு உட்பட்டது" என்று அதிலேயே எழுதுங்கள். ஒழுகல்தான் என்று தெரிந்து சரிசெய்திருந்தால், பிளம்பர் ரசீதை இணைத்துத் தள்ளுபடி கேளுங்கள். எல்லா அலுவலகமும் கொடுக்காது. கேட்காதவர்களுக்கு எந்த அலுவலகமும் கொடுக்காது.

கே: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மீட்டர் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது. போன பில்லில் "கதவு பூட்டியிருந்தது, சராசரி" என்று போட்டுக் குறைவாக வந்தது. சந்தோஷப்பட்டோம். இந்தப் பில் தூக்கி அடித்துவிட்டது.

ப: அந்தச் சந்தோஷத்துக்குத்தான் அம்மா இந்தப் பில். ஆள் வந்து பார்க்க முடியாதபோது, முன்பு நீங்கள் செலவழித்ததை வைத்து ஓர் உத்தேசத் தொகை போடுவார்கள். அடுத்த தடவை உண்மையான ரீடிங் கிடைத்ததும் விட்டது தொட்டது எல்லாம் சேர்ந்து விழும். அது நியாயம்தான். அதற்குள் ஒளிந்திருக்கும் அநியாயத்தைப் பல பேர் கவனிப்பதில்லை.

முதல் 20 யூனிட்டுக்கு ஒரு விலை, அதற்கு மேல் போனால் இரட்டிப்பு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக 20 யூனிட்தான் செலவழிக்கிறீர்கள். இரண்டு பில்லும் கீழ் ஸ்லாபிலேயே முடிந்திருக்க வேண்டும். முதல் பில்லில் உத்தேசமாக 10 போட்டார்கள். அடுத்ததில் மீதி 30-ம் வந்து விழுந்தது. இப்போது 10 யூனிட் மேல் ஸ்லாபுக்குப் போய்விட்டது. மொத்தம் அதே 40 யூனிட், ஒரு சொட்டு கூடுதல் இல்லை. ஆனால் 40 பங்கு கட்ட வேண்டியவர் 50 பங்கு கட்டுகிறீர்கள்.

அலுவலகத்தில் போய் "பில் அதிகம்" என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். "இந்த யூனிட்டை இரண்டு காலத்துக்கும் பிரித்து, ஸ்லாபை மறுபடி கணக்கிடுங்கள்" என்று கேளுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், இப்படிக் கேட்கிறவரைக் கண்டால் நிமிர்ந்து உட்காருவோம்.

இனிமேல் கதவு பூட்டியிருக்கும் நாள் என்றால் ரீடிங்கைப் படம் எடுத்து நீங்களே அனுப்ப வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். முடிந்தால் மீட்டரை வெளிச்சுவருக்கு மாற்றிவிடுங்கள். ஒரு தடவைச் செலவு.

கே: எங்கள் வீட்டில் சொந்தக் கிணறு. ஊர்த் தண்ணீர் ஒரு சொட்டு வாங்குவதில்லை. கழிவுநீர்க் கட்டணம் மட்டும் ஏன்?

ப: கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் அழுக்குத் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கா போகிறது? ஊர்ச் சாக்கடைக்குத்தானே. கட்டணம் அதற்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம், கேள்விக்குள் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது.

வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுநீரை எந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு அளப்பதில்லை. அந்தக் குழாய் பாதி காலியாகச் சரிவில் ஓடும். அதில் என்னென்ன மிதந்து வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதாரண மீட்டரை அதில் வைத்தால் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே போன தண்ணீரை வைத்து வெளியே வந்ததை ஊகிக்கிறார்கள். சில ஊர்களில் தண்ணீர்த் தொகையில் இத்தனை சதவீதம், சில ஊர்களில் வீட்டின் மதிப்புக்கு இத்தனை, சில இடங்களில் கழிப்பறை எண்ணிக்கைக்கு இத்தனை. கிணறு உள்ள வீட்டுக்கு அளவே இல்லாததால் ஒரு நிலையான தொகை போட்டுவிடுவார்கள். அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு எட்டுப் பேர் கணக்கு போட்டிருந்தால் விடாதீர்கள்.

தோட்டம் உள்ளவர்கள் கவனிக்க: செடிக்கு ஊற்றுவது சாக்கடைக்குப் போவதில்லை. தோட்டத்துக்குத் தனி மீட்டர் அனுமதித்து, அந்த யூனிட்டுக்குக் கழிவுநீர்க் கட்டணத்தைக் கழிக்கும் நகரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பல ஊர்களில் குளிர்காலச் செலவை வைத்து வருடம் முழுவதும் கழிவுநீர்க் கட்டணம் போடுவார்கள். குளிர்காலத்தில் யாரும் செடிக்கு ஊற்றுவதில்லை என்ற கணக்கு.

காசு எங்கே போகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில், லண்டன் நாடாளுமன்றத் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். உறுப்பினர்களின் மூக்குக்கே எட்டிய பிறகுதான் பேசல்ஜெட் என்ற பொறியாளரின் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. அதுவும் அழுக்கை ஊருக்குக் கீழே தள்ளிவிட்டதோடு சரி. சேற்றில் வளரும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதி, அவற்றைக் கொண்டே கழிவைத் தின்ன வைக்கும் முறை 1914-ல் மான்செஸ்டரில் வந்தது. இன்றும் பெரும்பாலான நகரங்கள் அதையே வைத்திருக்கின்றன. ராத்திரி பகல் காற்று ஊத வேண்டும். அப்படிப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்தின் மின்செலவில் பெரும் பங்கு அந்தக் காற்றுக்குத்தான்.

கே: காற்று என்றதும் கேட்கிறேன் அக்கா. எங்கள் தெருவில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் வருவதற்கு முன் குழாய் உஸ்ஸென்று காற்று விடுகிறது. அப்போது மீட்டர் தலைதெறிக்க ஓடுகிறது. காற்றுக்குமா காசு?

ப: காற்றுக்கும்தான். சக்கரம் சுற்றும் மீட்டருக்கு, தன்னைச் சுற்றுவது காற்றா தண்ணீரா என்று தெரியாது. குழாய் காலியாக இருந்து, தண்ணீர் வரும்போது முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. யார் வீட்டு வால்வு திறந்திருக்கிறதோ அந்த வழியாகக் காற்று வெளியேறும். முந்துகிறவருக்குக் காற்று, பிந்துகிறவருக்குத் தண்ணீர். அதனால் மீட்டர் பக்கத்து வால்வை மூடியே வைத்திருங்கள். பக்கத்து வீட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்ட பிறகு திறங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகையை வாசித்துவிட்டால் என்னிடம் வராதீர்கள். தெரு முனையில் காற்றை வெளியேற்றும் வால்வு வைக்கச் சொல்லித் தெருவாகச் சேர்ந்து மனு கொடுங்கள்.

கே: ஆறு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு யூனிட்கூட ஓடவில்லை. அப்படியும் பில்!

ப: அது இணைப்புக்கான நிலைக் கட்டணம். நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் குழாயில் தண்ணீர் தயாராக நிற்க வேண்டுமே. பல நகரங்களில் இது மீட்டரின் அளவைப் பொறுத்தது: 15 மில்லி மீட்டருக்கு ஒன்று, 20-க்கு வேறு. பெரிய மீட்டர் வைத்திருந்து தேவையில்லை என்றால் சிறிதாக்கக் கேட்கலாம்.

குழாய் அளவுக்குக் காசு என்பது ரோம் காலத்து வழக்கம். மீட்டர் இல்லாத அந்தக் காலத்தில் குழாய் வாயின் விட்டத்தை வைத்தே தண்ணீர் ஒதுக்கினார்கள். அளவு சரிபார்த்து முத்திரை குத்திய வெண்கல வாய் பொருத்த வேண்டும். கி.பி. 97-ல் ரோமின் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்ற ஃப்ரான்டினஸ் போய்ப் பார்த்தால், முத்திரை இல்லாத வாய்களும் அனுமதித்ததைவிடப் பெரிய வாய்களும் மாட்டியிருந்தன. எல்லாம் குழாய்க்காரர்களின் கைவேலை. என் உத்தியோகத்தில் நான் பார்த்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கே: "இன்று இரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இங்கே கட்டவும்" என்று போனில் செய்தி வந்தது. பதறிப் போய்க் கட்டப் பார்த்தேன். பணம் போனது, ரசீது வரவில்லை. மறுபடி கட்டவா?

ப: இதில் இரண்டு விஷயம் இருக்கிறது தம்பி. செய்தியில் வந்த லிங்கைத் தொட்டு எதையும் கட்டாதீர்கள். இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் முறையாக நோட்டீஸ் வரும். இன்று இரவே என்று விரட்டுகிறவர் திருடர். அந்த வழியாகக் கட்டியிருந்தால் இந்தப் பதிலை முழுசாகப் படிப்பதற்கு முன்னால் வங்கிக்கு போன் போடுங்கள்.

பில்லில் அச்சிட்ட முகவரியைத் தட்டித்தான் கட்டினீர்கள் என்றால் பதற வேண்டாம். மறுபடியும் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா, பரிவர்த்தனை எண் என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் சில நாளில் பில் கணக்கில் ஏறும், இல்லையென்றால் பணம் திரும்பும். இரண்டும் நடக்காவிட்டால் அந்த எண்ணோடு புகார். இந்த இழுபறிக்கு இடம் வைத்து, கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்பே கட்டுங்கள்.

கே: பழைய வீடு ஒன்றை விலை பேசியிருக்கிறேன். தண்ணீர் பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

ப: பல ஊர்களில் பாக்கி ஆளோடு போகாது, வீட்டோடு நிற்கும். நிலுவை இல்லை என்று அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கடைசி ரசீதை மட்டும் நம்பாதீர்கள், பகுதித் தொகை கட்டினாலும் ரசீது ரசீதுதான். சாவி வாங்கும் அன்று விற்கிறவரையும் அருகில் வைத்துக்கொண்டு மீட்டரைப் படம் எடுங்கள், மீட்டர் எண் தெரிகிற மாதிரி. அந்த எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மாடிக்கும் கீழுக்கும் மீட்டர் மாறிப் போய், ஒருவர் பில்லை மற்றவர் வருடக்கணக்கில் கட்டி வந்த வீடுகள் உண்டு. அப்புறம் பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். பில் பழைய பெயரிலேயே வந்துகொண்டிருந்தால் புகார் கொடுக்கக்கூடப் பழைய சொந்தக்காரரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.